கேளுங்க, சொல்றேன்: பாபின் லேஸும் கடல் தாண்டின தோழிகளும்

போன இதழ்ல பாபின் லேஸ் பத்தி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். தலகாணி மேல பேட்டர்ன் அட்டைய வச்சு, குண்டூசி குத்தி, நூல் சுத்தின சின்னச் சின்ன மரக்குச்சிங்கள (அதுதான் பாபின்) ஜோடி ஜோடியா மாத்திப் போட்டு, சடை பின்னுற மாதிரி பின்னிக்கிட்டே போற லேஸ். அதுக்கு இவ்வளவு லெட்டர் வரும்னு எடிட்டரும் நினைக்கல, நானும் நினைக்கல. ஒரே கேள்விய பல பேர் கேட்டிருந்ததால சிலத மட்டும் எடுத்திருக்கேன். பேர் வேண்டாம்னு நிறைய பேர் சொன்னதால ஊர் மட்டும் போடுறேன்.

கேள்வி: அக்கா, கல்யாணமாகி மெல்பர்ன் வந்து ரெண்டு வருஷம் ஆகுது. வீட்டுப் பக்கத்துல இருக்கற ஹால்ல சனிக்கிழமை லேஸ் குரூப் ஒண்ணு கூடுது. கண்ணாடி வழியா பாத்துட்டு அப்படியே வந்துடுறேன். எல்லாரும் அறுபது எழுபது வயசு வெள்ளைக்காரப் பாட்டிங்க. எனக்கு ஒண்ணுமே தெரியாது, கையில ஒரு பாபின்கூட இல்ல. எப்படி உள்ள போறது? (மெல்பர்ன் வாசகி)

பதில்: வெறுங்கையோடயே போங்கம்மா. நான் பார்த்த எந்த லேஸ் குரூப்லயும் புதுசா வர்றவங்களுக்குன்னு ஒரு தலகாணியும் பத்து பன்னெண்டு ஜோடி பாபினும் ஓரமா எடுத்து வச்சிருப்பாங்க. இங்கிலாந்துல பெட்ஃபோர்ட்ஷயர் பக்கம் நாங்க இருந்தப்ப நான் கத்துக்கிட்டதும் அப்படித்தான். போய் பக்கத்துல நின்னு "பாக்கலாமா"ன்னு கேட்டாப் போதும், சேர் இழுத்துப் போட்டுருவாங்க, டீ வந்துரும், அரைமணி நேரத்துல உங்க கையில பாபின் இருக்கும்.

மொத்த பாபின் லேஸும் ரெண்டே ரெண்டு அசைவுதான். நாலு நூலு, ரெண்டு ஜோடி. நடுவுல இருக்கற ரெண்டு நூல்ல இடப்பக்கத்துத வலப்பக்கத்துது மேல போட்டா கிராஸ். ஒவ்வொரு ஜோடியிலயும் வலப்பக்கத்துத இடப்பக்கத்துது மேல போட்டா ட்விஸ்ட். கிராஸ் ட்விஸ்ட் கிராஸ் போட்டா துணி மாதிரி அடைச்சு வரும், அது துணித்தையல். கிராஸ் ட்விஸ்ட் மட்டும் போட்டா வலை மாதிரி வரும், அது அரைத்தையல். நூறு ஜோடி வச்சுப் பின்னுற பெரிய விசிறியா இருந்தாலும் இந்த ரெண்டுதான்.

பாஷை பத்தி பயப்படவே வேண்டாம். பெல்ஜியத்துல ஆரம்பிச்ச கலர் முறை ஒண்ணு இருக்கு, பேட்டர்ன் படத்துல ஊதாக் கோடு இருந்தா துணித்தையல், பச்சைன்னா அரைத்தையல், சிவப்புன்னா துணித்தையலோட ஒரு ட்விஸ்ட் சேர்த்து. இத படிக்கத் தெரிஞ்சா டச்சுப் புத்தகமானாலும் ஜப்பான் புத்தகமானாலும் ஒரு எழுத்துகூட தெரியாம லேஸ் போட்டுடலாம். ஒரு செக் அம்மாவும் நானும் ஒரு சாயங்காலம் முழுக்க இந்த மூணு கலர் பென்சில வச்சே பேசியிருக்கோம், அவங்களுக்கு இங்கிலீஷ் வராது, எனக்கு செக் வராது, ஆனா மூலை திருப்புறது எப்படின்னு அவங்க கத்துக்குடுத்தது இன்னிக்கு வரைக்கும் கைல நிக்குது.

ஒண்ணு மட்டும் முன்னாடியே தெரிஞ்சுக்குங்க. ஊருக்கு ஊர் கை வேற. இங்கிலாந்துல தட்டைத் தலகாணி, பாபின் எல்லாம் மேல பரத்திக் கிடக்கும், உள்ளங்கை கீழ பார்த்திருக்கும். ஸ்லோவேனியாவுல இத்ரியான்னு ஒரு பாதரசச் சுரங்க ஊரு, அங்க சுரங்கத் தொழிலாளிங்க வீட்டுப் பெண்கள் உருளைத் தலகாணியக் கூடையில வச்சுப் பின்னுவாங்க, பாபின் தொங்கும். ஸ்பெயின்ல நீளத் தலகாணிய மடியில நிமித்தி சாய்ச்சு வச்சுப்பாங்க. சில ஊர்ல கிராஸ்ல ஆரம்பிப்பாங்க, சில ஊர்ல ட்விஸ்ட்ல. குரூப்ல ரெண்டு பேர் ரெண்டு விதமா சொல்லிக்குடுத்தா குழம்பாதீங்க, ரெண்டும் சரி. முதல் ஆறு மாசம் ஒருத்தர் கைய மட்டும் பிடிச்சுக்குங்க, அப்புறம் மத்தவங்க முறையையும் கேட்டு வாங்கிக்கலாம்.

கேள்வி: மெஷின்ல மீட்டர் கணக்குல லேஸ் வருது, விலையும் கம்மி. மாசக்கணக்குல உக்காந்து ஒரு கர்ச்சீப் ஓரம் பின்னுறதுக்கு வெளிநாட்டுல சங்கம், மாநாடுன்னு வேற நடத்துறாங்கன்னு எழுதியிருந்தீங்க. நிஜமாவே கேக்குறேன், எதுக்கு? (மதுரை வாசகர்)

பதில்: நியாயமான கேள்விங்க. மெஷின் வந்ததுனாலதான் இந்தச் சங்கமே தேவைப்பட்டுது.

1809-ல ஜான் ஹீத்கோட்னு ஒருத்தர் வலைத்துணி நெய்யுற மெஷினுக்கு பேட்டன்ட் வாங்கினாரு. அதுக்கப்புறம் அந்த நூற்றாண்டு முழுக்க கைலேஸ் பின்னிப் பொழச்சவங்க கூலி சரிஞ்சுகிட்டே போச்சு. இன்னொரு விஷயத்த யாரும் அதிகமா சொல்றதில்ல. லேஸ் தொழிலா இருந்த காலத்துல பல ஊர்ல ஒருத்தருக்கு முழு வேலையும் தெரியாது. பிரான்ஸ்ல ஆலன்சோன் ஊசி லேஸ (பாபின் இல்லாம ஊசியும் நூலும் மட்டும் வச்சுப் போடுறது) எடுத்துக்குங்க, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏழு மணி நேரம் புடிக்குற வேலை, அதுல கோடு போடுறது ஒருத்தர், வலை பின்னுறது ஒருத்தர், உள்ள நிரப்புறது ஒருத்தர், சேக்குறது இன்னொருத்தர்னு பிரிச்சு வச்சிருந்தாங்க. வேலை நின்னதும் ஆளுக்கு ஒரு துண்டு அறிவோட அவங்க காலமும் முடிஞ்சுபோச்சு. அந்தத் துண்டையெல்லாம் தேடித் தேடி ஒண்ணு சேத்தது பெரும்பாலும் காசுக்காகப் பின்னாத பொம்பளைங்கதான். டீச்சருங்க, நர்சுங்க, ரிட்டயர் ஆனவங்க. பழைய லேஸை பூதக்கண்ணாடியில பாத்து நூல் எங்க போகுது எங்க வருதுன்னு எண்ணி, வரைஞ்சு, அடுத்தவங்களுக்கு அனுப்பி, "உங்க ஊர்ல இத எப்படி முடிப்பீங்க"ன்னு கேட்டு.

ஒரு உதாரணம். அமெரிக்கால மாசசூசெட்ஸ் மாநிலத்துல இப்ஸ்விச்னு ஒரு துறைமுக ஊரு. 1790 வாக்குல அங்க அறுநூறு பெண்கள் கருப்புப் பட்டு லேஸ் பின்னி வித்தாங்க. அப்ப நிதிச் செயலரா இருந்த அலெக்சாண்டர் ஹாமில்டன் நாட்டுல என்னென்ன தொழில் நடக்குதுன்னு கணக்கெடுத்தப்ப அவருக்கு அந்த லேஸோட சாம்பிள் துண்டுங்களும் போச்சு. அதெல்லாம் இன்னும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துல பத்திரமா இருக்கு, ஆனா பின்னுற வித்தை மட்டும் மறைஞ்சுபோச்சு. நம்ம காலத்துல லேஸ் பின்னத் தெரிஞ்ச ஒரு அம்மா அந்தத் துண்டுகள ஒவ்வொண்ணா ஆராய்ஞ்சு பேட்டர்ன் வரைஞ்சு வெளியிட்டாங்க. இன்னிக்கு யார் வேணாலும் அதப் பின்னலாம். இத ஃபேக்டரி பண்ணாது, கம்பெனி பண்ணாது. ஆசை இருக்கறவங்க மட்டும்தான் பண்ணுவாங்க.

சங்கம்னு நான் எழுதினது ஒய்டுஃபா, பாபின் லேசுக்கும் ஊசி லேசுக்குமான சர்வதேச அமைப்பு. 1982-ல பிரான்ஸ்ல ஆரம்பிச்சாங்க, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு நாட்டுல கூடுவாங்க. 2010-ல ஜப்பான் கோபே, 2014-ல ஆஸ்திரேலியா அடிலெய்டு, 2016-ல ஸ்லோவேனியா லுப்லியானா. மேடைப் பேச்சு கொஞ்சம்தான், மீதி நேரமெல்லாம் ஒருத்தர் தலகாணி மேல இன்னொருத்தர் குனிஞ்சு பாத்துக்கிட்டே இருப்பாங்க.

நட்பு எந்த அளவுக்குன்னு கேட்டா முதல் உலகப்போர சொல்லணும். ஜெர்மனி பெல்ஜியத்தப் பிடிச்சு வச்சிருந்தப்ப நூல் உள்ள வர வழியில்ல, சுமார் அம்பதாயிரம் லேஸ் பெண்களுக்கு வேலையே இல்ல. ஹெர்பர்ட் ஹூவர் நடத்தின பெல்ஜிய நிவாரணக் கமிஷன் மூலமா வெளிநாட்டுலேருந்து நூல் போச்சு, அதுல பின்னின லேஸ் வெளியே வந்து பிரிட்டன்லயும் அமெரிக்காவுலயும் வித்துது. உதவின நாடுகளோட சின்னங்களையே அந்தப் பெண்கள் லேஸ்ல பின்னி அனுப்பினாங்க. அதுல சிலது இன்னிக்கும் வாஷிங்டன்ல ஸ்மித்சோனியன் மியூசியத்துல இருக்கு. மெஷின் அப்பவும் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சுங்க.

கேள்வி: மேடம், எங்க பாட்டி நாகர்கோவில் மிஷன் ஸ்கூல்ல படிச்சவங்க. பரண்ல ஒரு பெட்டி கிடைச்சுது, உள்ள ஒரு பழைய உருளைத் தலகாணி, துருப்பிடிச்ச குண்டூசி, நூலு சுத்துன குச்சிய, மஞ்சளாப் போன லேஸ் ஒரு சுருள். நீங்க எழுதுன பாபின் லேஸ் இதுதானா? நம்ம ஊருக்கு இது எப்படி வந்துச்சு? (மார்த்தாண்டம் வாசகி)

பதில்: அதேதாம்மா. உங்க லெட்டர படிச்சதும் எனக்கு கை பரபரன்னு ஆயிடுச்சு. லண்டன் மிஷன்லேருந்து வந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தாவும் 1819-ல நாகர்கோவில்ல குடியேறினாங்க. மார்த்தா மால்ட் அங்க பெண் பிள்ளைங்க போர்டிங் ஸ்கூல்ல 1820-கள்ல லேஸ் பின்னக் கத்துக்குடுத்தாங்க. அன்னிக்கு திருவிதாங்கூர்ல அடிமை முறை சட்டப்படியே நடந்த காலம், லேஸ்ல வந்த காசுல தங்களோட விடுதலைய தாங்களே வாங்கிக்கிட்ட பெண்களும் இருந்தாங்க. மால்ட் தம்பதியோட மக எலைசா, கால்டுவெல்லைக் கல்யாணம் பண்ணி இடையன்குடி போனப்ப லேஸும் கூடவே போச்சு. தமிழ் படிச்ச எல்லாருக்கும் கால்டுவெல் தெரியும், அந்த ஊர்ப் பெண்களுக்கு லேஸ் சொல்லிக்குடுத்த எலைசாவையும் நாம தெரிஞ்சு வச்சுக்கணும்.

இப்ப செய்ய வேண்டியது. எதையும் துவைக்காதீங்க, ப்ளீச் பக்கமே போகாதீங்க. தலகாணியில லேஸ் மாட்டியிருந்தா முதல்ல எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்க, அப்புறம் துருப்பிடிச்ச ஊசிய நேரா மேல தூக்கி எடுங்க, திருகினா நூல் அறுந்துரும். சுருள் லேஸ மடிக்கவே கூடாது, மடிப்புல இழை முறியும். நல்லா துவைச்சு கஞ்சி போன பழைய வெள்ளை வேட்டித் துணிய ஒரு குழாய்ல சுத்தி, அது மேல லேஸை சுத்தி, இன்னொரு துணியால மூடுங்க. பிளாஸ்டிக் கவர் வேண்டாம், நம்ம ஊரு ஈரத்துக்கு உள்ள வேர்த்துரும். பூச்சி உருண்டை நேரா லேஸ்ல படக்கூடாது. பாட்டி தலைமுறையில யாராவது பின்னத் தெரிஞ்சவங்க உங்க ஊர்ல இன்னும் இருந்தா, தயவுசெஞ்சு இந்த மாசமே போய் அவங்க கை அசையுறத வீடியோ எடுத்து வைங்க. போட்டோவ எனக்கும் அனுப்புங்க, பேட்டர்னை வரைஞ்சு எடுக்கறதுக்கு வெளிநாட்டுத் தோழிகள் நாலஞ்சு பேர் ரெடியா இருக்காங்க.

கேள்வி: அக்கா, நான் வத்தளையில இருக்கிறன். வெளிநாட்டு புக் பாத்து பழகிறது சரியான கஷ்டமா இருக்கு. இலங்கையில நேரில படிக்க ஏலுமா? (வத்தளை வாசகி)

பதில்: உங்களுக்கு வெளிநாடே தேவையில்லையேம்மா! தெற்கே காலி, வெலிகமப் பக்கம் பீரலுன்னு சொல்றது பாபின் லேஸேதான், போர்த்துக்கீசர் காலத்துலேருந்து வந்ததா சொல்லுவாங்க. ஐரோப்பாவுலேருந்து வர்ற லேஸ்காரங்களே காலிக்குப் போனா பீரலு பின்னுற பெண்கள் பக்கத்துல போய் உக்காந்துடுவாங்க. ஒரு லீவு நாள் கிளம்பிப் போங்க, உங்களுக்கு சிங்களம் தெரிஞ்சா இன்னும் நல்லது, தெரியாட்டியும் கை பாத்தே பழகிடலாம்.

கேள்வி: வணக்கம் அக்கா. அம்பாசமுத்திரத்துல மரக்கடைசல் வேலை பாக்கேன், செப்புச் சாமான்தான் அதிகம். எங்க சித்தி உங்க பக்கத்தைக் காட்டி பாபின் கடைஞ்சு தரச் சொல்லுதாங்க. அளவு சொன்னா செஞ்சு பாக்கலாம். (அம்பாசமுத்திரம் வாசகர்)

பதில்: தம்பி, இந்தப் பக்கத்துல எனக்கு ரொம்ப சந்தோஷம் குடுத்த லெட்டர் உங்களுதுதான்.

நீளம் 9-லேருந்து 10 சென்டிமீட்டர். தண்டு கனம் 6, 7 மில்லிமீட்டர் போதும், பென்சில் கனத்தைத் தாண்ட வேண்டாம். உச்சியில ரெண்டு பள்ளம் கடையணும். மேல இருக்கறது சின்னப் பள்ளம், அதுல நூலோட சுருக்கு விழும். அதுக்குக் கீழ ரெண்டரை சென்டிமீட்டருக்கு நீளப் பள்ளம், அதுல நூல் சுத்தணும். அந்த கழுத்துப் பக்கம் மட்டும் உப்புத்தாள் போட்டு நல்லா வழவழன்னு ஆக்கிருங்க, ஒரு சிலும்பு இருந்தாலும் நூல் பிசிறிடும். அடியில மெல்லிசா ஒரு குறுக்கு ஓட்டை. ஜோடி ஜோடியா ஒரே எடை வர்ற மாதிரி பாத்துக்குங்க. சாயம் வேண்டாம், வெள்ளை நூல்ல ஒட்டும்.

அடியில ஓட்டை எதுக்குன்னா மணி கோக்குறதுக்கு. இங்கிலாந்துல கம்பியில மணி கோத்து வளையமா மாட்டுவாங்க, பக்கத்துக்கு நாலு மணி, அடியில ஒரு பெரிய மணி. பாபின் உருளாது, எடையில நூலும் விறைப்பா நிக்கும். அந்தக் காலத்துல பாபின் தண்டுலயே பேர், பிறந்த தேதி, காதலி பேர்னு புள்ளி புள்ளியா குத்தி எழுதிக் குடுப்பாங்க, இப்பவும் தோழிங்களுக்குள்ள மாத்திக்கற பரிசு அதுதான். என் தலகாணியில இருக்கற பாபின்ல பாதிக்கு மேல யாரோ குடுத்தது, எந்த பாபினை எடுத்தாலும் ஒரு முகம் ஞாபகம் வரும். நீங்க செப்புச் சாமானுக்கு எடுக்குற மரமே தாராளமா ஆகும். மரம் கிடைக்காதவங்களுக்கு ஒரு வார்த்தை: மேல சொன்ன இப்ஸ்விச் பெண்கள் மூங்கில் பாபின்லதான் பின்னினாங்க. நம்ம ஊர் மூங்கிலும் அதுக்கு நல்லாவே சரிவரும்.

உங்க முதல் அம்பது ஜோடி எனக்குத் தாங்க, விலை போட்டு.

கேள்வி: இங்கிலாந்து பத்திரிகை ஒண்ணுல வந்த பேட்டர்னை நான் காசு குடுத்து வாங்கினேன். கிளாஸ்ல அஞ்சு பேர் ஜெராக்ஸ் கேக்குறாங்க. அறிவைப் பகிரணும்னு நீங்கதானே சொல்றீங்க? (பெங்களூர் வாசகி)

பதில்: ஜெராக்ஸ் குடுக்காதீங்க. லேஸ் பேட்டர்ன் போடுறவங்க பெரும்பாலும் வீட்டுல தனியா உக்காந்து மாசக்கணக்குல வரைஞ்சு, சொந்தச் செலவுல கொஞ்சமா அச்சடிச்சு விக்கிறவங்க. பத்து காப்பி விக்கலன்னா அடுத்தது வரையவே மாட்டாங்க. தையல் முறைய சொல்லிக்குடுங்க, தப்பே இல்ல, அது எல்லாருக்கும் சொந்தம். 1557-ல வெனிஸ்ல அச்சான லே பொம்பே, 1886-ல வந்த தெரேஸ் த டில்மோனோட கைவேலைக் களஞ்சியம் மாதிரி பழசுக்கெல்லாம் காப்பிரைட் கிடையாது, தாராளமா எடுத்துக்கலாம். அதவிட நல்ல வழி, கிராஃப் பேப்பர்ல 45 டிகிரியில புள்ளி வச்சு உங்க கிளாஸே சேந்து ஒரு டார்ஷன் (கட்டம் கட்டமா வர்ற எளிமையான பாபின் லேஸ்) பேட்டர்ன் வரையுங்க. நம்ம வீட்டுப் பெண்களுக்கு கோலம் கை இருக்கு, புள்ளி பாத்தா பயம் வராது.

கேள்வி: பதினொரு வருஷமா ஹாலந்துல ஒரு லேஸ் தோழி. நேர்ல பாத்ததே இல்ல. வருஷா வருஷம் கிறிஸ்மஸ் கார்டுக்குள்ள ஒரு சின்ன லேஸ் வரும், நான் பொங்கலுக்கு ஒண்ணு அனுப்புவேன். போன மார்ச்ல தவறிட்டாங்க. அவங்க மக, பாதி பின்னின ஒரு புக்மார்க்கை தலகாணியோட எனக்கு அனுப்பியிருக்கா. "அம்மா இத உங்களுக்குத்தான் பின்னிட்டிருந்தாங்க"ன்னு ஒரு சீட்டு. தொடவே மனசு வரல. அப்படியே வச்சுடவா, முடிக்கவா? (கோயம்புத்தூர் வாசகி)

பதில்: முடிங்கம்மா. எங்க குரூப்லயும் ஒருத்தங்க விட்டுட்டுப் போனத இன்னொருத்தங்க எடுத்து முடிச்சது நடந்திருக்கு, குடும்பத்துக்காரங்க அதக் கையில வாங்குறப்ப அவங்க முகத்தைப் பாத்திருக்கேன். உங்களுக்கு அனுப்பணும்னு அந்தப் பொண்ணுக்குத் தோணியிருக்கு, அம்மாவுக்கு நீங்க யாருன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு.

மனசு ஆறட்டும், அவசரமே இல்ல. தலகாணி மேல துணி போட்டு மூடி, எலி, எறும்பு, குழந்தைங்க கை படாத இடத்துல வைங்க. உக்காரத் தோணுற அன்னிக்கு முதல்ல போட்டோ எடுங்க. பாபின் வரிசை பயணத்துல கலைஞ்சிருக்கும், ஒவ்வொரு ஜோடியும் எந்த ஊசிலேருந்து வருதுன்னு ஊசி நுனியால பின்தொடர்ந்து போய் வரிசைப்படுத்துங்க, இதுக்கே ஒரு சாயங்காலம் ஆகும். அவங்க கடைசியா குத்தின ஊசி எதுன்னு கண்டுபிடிச்சு, ஓரத்துல மெல்லிசா ஒரு கலர் இழை கட்டிடுங்க. அங்கேருந்து உங்க கை. இறுக்கம் மாறும், மாறட்டும். அவங்க பின்னினதுல ஏதாவது தையல் விட்டுப்போயிருந்தா அதப் பிரிக்காதீங்க.

நூல் போதாம போச்சுன்னா முடிச்சு போடாதீங்க. துணித்தையல் அடர்த்தியா வர்ற இடத்துல புது நூலை தலகாணியில ஒரு ஊசியில மாட்டி, பழைய நூலோட சேத்தே ரெண்டு மூணு சென்டிமீட்டர் பின்னிட்டு, பழசை பின்பக்கம் விட்டு வெட்டிடலாம். அதே கனத்துல நூல் கண்டுபிடிக்க, ஸ்கேல்ல ஒரு சென்டிமீட்டருக்குள்ள எத்தனை சுத்து வருதுன்னு பழசையும் புதுசையும் சுத்திப் பாருங்க, எண்ணிக்கை ஒத்துப்போனா சரி. அந்த மகளுக்கு முடிச்சதோட போட்டோ மட்டும் போதாது. அவ விரும்பினா ஒரு ஜோடி பாபின் அவகிட்டயே இருக்கட்டும்னு எழுதிக் கேளுங்க.

கேள்வி: வயது 67, ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை. கை லேசா நடுங்கும், கண்ணும் அவ்வளவு தெளிவில்ல. இப்ப ஆரம்பிச்சா வருமா? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: வரும் டீச்சர். ஊசி கோக்குற மாதிரி இது நுனிவிரல் வேலை இல்ல, பாபினை இறுக்கிப் பிடிக்கவே கூடாது, விரலுக்கு நடுவுல உருட்டி விட்டாப் போதும், அதனால லேசான நடுக்கம் அவ்வளவா இடைஞ்சல் பண்ணாது. நூல் ஆங்கர் பேர்ல் காட்டன் 8-ம் நம்பர் வாங்குங்க, நல்லா கண்ணுக்குத் தெரியும். தலகாணிக்கு கரும்பச்சை இல்ல கருநீலத் துணி போடுங்க, வெள்ளை நூல் எடுத்துக் காட்டும். ஊசி பித்தளையா கேளுங்க, இரும்பு துருப்பிடிக்கும். பேட்டர்ன் அளவு சரியான்னு பாக்க, ஓரத்துல அடுத்தடுத்த ரெண்டு ஊசிக்கு நடுவுல அந்த நூல் 10-லேருந்து 12 சுத்து அடங்குதான்னு சரிபாருங்க, கணக்கு டீச்சருக்கு இது பிடிக்கும். முதல்ல ஆறு ஜோடி மாட்டி, துணித்தையல் பட்டை ஒரு சாண், அரைத்தையல் பட்டை ஒரு சாண். ரெண்டும் முடிஞ்சதும் போட்டோ எடுத்து பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்க. உங்க வயசுலயே ஆரம்பிச்ச ஒரு அம்மா நாட்டிங்காம்ல இருக்காங்க, அவங்களுக்கும் காட்டி, சம்மதம் கேட்டு ரெண்டு பேரையும் சேத்து வைக்கிறேன்.